பிள்ளைகளை அடக்குவதும் வளர்ப்பதும்

நூல் விலை, கடன் தவணை, விளைபொருள் விற்பனை ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் எழுதி வந்த நாம், இம்மாதம் அங்கத்தினர்களின் வீட்டு விஷயம் ஒன்றைப் பற்றி எழுதத் துணிகிறோம். கணக்குப் பார்க்க வந்தவருக்குக் குடும்பத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் சங்கத்திற்கு வரும் ஒவ்வொரு கடன் மனுவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. வட்டி விகிதத்தினால் நொடித்த குடும்பங்களை நாம் கண்டதுண்டு. தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசாமற்போனதால் நொடித்த குடும்பங்களையும் கண்டதுண்டு.

சென்ற புரட்டாசி மாதத்தில், அடகு நகைகளைச் சரிபார்க்கும் பணிக்காக வேலம்பாளையம் சென்றிருந்தோம். முன்பு தனி நகராட்சியாக விளங்கி, 2011-ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்த ஊர் இது. ஒரு தெருவில் ஓவர்லாக் இயந்திரத்தின் ஓசையும், அடுத்த தெருவில் அனுப்பர்பாளையம் பக்கத்துப் பாத்திரப் பட்டறைகளின் ஓசையும் இடைவிடாது கேட்கும். உழைப்புக்கு அஞ்சாத மக்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்புவோர் பலர்.

நாம் பணியில் இருந்தபோது அங்கத்தினர் ஒருவர் நகைக் கடனுக்காக வந்தார். மனைவியின் வளையல்கள் இரண்டும், ஒரு சங்கிலியும் கொண்டு வந்திருந்தார். வயது 45 இருக்கலாம். அவருடைய தகப்பனார் கைத்தறி நெசவாளர். இவர் பதின்மூன்றாம் வயதிலேயே பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, இப்போது ஆறு பவர் டேபிள் இயந்திரங்களைப் போட்டு ஜாப் ஒர்க் செய்து வருகிறார். எடை போட்டுக் கொண்டிருக்கும்போது, கடன் எதற்காக என்று வழக்கம்போல் விசாரித்தோம்.

"பையனைக் கொண்டுபோய் ஹாஸ்டல் ஸ்கூல்ல போடணுமுங்க சார். வீட்டுல சொன்ன பேச்சுக் கேக்கறதில்லைங்க" என்றார்.

பையனுக்கு வயது 16. பதினோராம் வகுப்பு. அவர் சொன்னதைச் சுருக்கிக் கூறுகிறோம். காலை ஐந்து மணிக்கு எழுப்புவது, பள்ளிக்கும் டியூஷனுக்கும் தாமே வண்டியில் கொண்டு விடுவது, திரும்ப அழைத்து வருவது, நண்பர்கள் யாரையும் வீட்டுக்குள் விடாதது, இரவில் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு செய்தியையும் படிப்பது, மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாள் அவனிடம் முகங்கொடுத்துப் பேசாதிருப்பது ஆகிய அனைத்தையும் தவறாமல் செய்து வந்திருக்கிறார். அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று அறையின் தாழ்ப்பாளையும் கழற்றியாயிற்று. துணி வடிவமைப்புப் படிக்க விரும்பியவனை, டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று உயிரியல் பிரிவில் சேர்த்திருக்கிறார்.

இவ்வளவுக்கும் பலன் என்ன? பள்ளி நாளில் காலைதோறும் வயிற்று வலி. வைத்தியர் பார்த்தார், வயிற்றில் ஒரு நோயும் இல்லை. முன்பு கலகலப்பாக இருந்தவன் வாய் திறப்பதில்லை. காலாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் தோல்வி. பொய் சொல்லக் கற்றுக்கொண்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த இரண்டாவது கைப்பேசி ஒன்று அகப்பட்டது.

அதில் என்ன இருந்தது என்று கேட்டோம். கிரிக்கெட் ஆட்டங்கள், வேடிக்கைப் படங்கள், ஒரு நண்பனுடன் நடத்திய பேச்சு. தகாத விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் நண்பனுக்கு எழுதிய ஒரு வரியை அவர் நமக்குக் காட்டினார். "எங்காவது போயிடலாம்னு இருக்குடா" என்று இருந்தது. தந்தை அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். படித்த நமக்கோ நெஞ்சு திடுக்கிட்டது.

இரண்டு பேரேடுகள்

நமது தொழிலில் ஓர் அனுபவம் உண்டு. அங்கத்தினர்களும் நிர்வாகிகளும் ஒருவரையொருவர் நம்பி நடத்தும் சங்கத்தில் ஒரே பேரேடுதான் இருக்கும். அடித்தல் திருத்தல் இருந்தாலும் உண்மை இருக்கும். ஆய்வாளர் வருவாரே என்ற அச்சத்தினால் மட்டுமே கணக்கு எழுதப்படும் சங்கத்தில், சில வேளை இரண்டு பேரேடுகள் முளைத்துவிடும். ஒன்று நமக்குக் காட்டுவதற்கு; மற்றது மேசையறையில் பூட்டி வைப்பதற்கு. சோதனை கடுமையாகக் கடுமையாக, இரண்டாவது பேரேட்டை ஒளிக்கும் திறமையும் வளரும்.

கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் இருந்த கைப்பேசி, அந்தப் பையனின் இரண்டாவது பேரேடு என்பது நமது துணிபு.

இது நமது கற்பனை மட்டுமன்று. ஸ்வீடன் நாட்டில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் மனோதத்துவ அறிஞர் இருவர், பதினான்கு வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிள்ளையின் போக்குவரத்தை நன்கு அறிந்த பெற்றோரின் பிள்ளைகள் தீய வழியில் செல்வது குறைவு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் அப்பெற்றோர் அதை எவ்வாறு அறிந்தனர் என்று இவர்கள் கேட்டனர். வேவு பார்த்தும், குடைந்து குடைந்து விசாரித்தும் அறிந்தது குறைவு. பிள்ளை தானாகவே வந்து சொன்னதனால் அறிந்ததே மிகுதி என்று கண்டனர். தன் வாழ்வு கட்டுப்படுத்தப்படுகிறது என்று உணரும் பிள்ளையோ சரிவரப் பொருந்தி வாழ்வதில்லை என்பதும் அவ்வாராய்ச்சியில் தெரிய வந்தது.

கண்டிப்பு வேறு, அடக்குமுறை வேறு

'அப்படியானால் பிள்ளையை அவிழ்த்து விட்டுவிடுவதா?' என்று கேட்பது நியாயமே. அடியாத மாடு படியாது என்று பழமொழி சொல்லும் நாடு இது. ஆனால், தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று சொன்னதும் இதே நாடுதான். இரண்டாவது பழமொழியை நாம் ஏனோ எளிதில் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்க நாட்டின் டயானா பாம்ரிண்ட் என்னும் அம்மையார், 1966-ஆம் ஆண்டில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். சொன்னதைச் செய் என்று மட்டும் கட்டளையிடுவோர் முதல் வகை. எதையும் தடுக்காது விட்டுவிடுவோர் இரண்டாம் வகை. விதியும் வைத்து, அதன் காரணத்தையும் எடுத்துச் சொல்லி, பிள்ளையின் பேச்சுக்கும் காது கொடுப்போர் மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையினரின் பிள்ளைகளே தன்னம்பிக்கையும் பொறுப்பும் உடையவர்களாக வளர்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு.

பின்னர் பிரையன் பார்பர் என்பவர், 1996-ஆம் ஆண்டில் இன்னொரு வேறுபாட்டை விளக்கினார். பிள்ளையின் செயலைக் கட்டுப்படுத்துவது ஒன்று. மனத்தைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. 'இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ' என்பது செயலுக்கு இடும் வரம்பு. அது இளைஞரைத் தீய வழியிலிருந்து காக்கக் கூடியது. 'உனக்காக நான் உயிரை விடுகிறேன். நீயோ இப்படிச் செய்கிறாய்' என்று குற்ற உணர்ச்சியை மூட்டுவதும், மதிப்பெண் குறைந்தால் முகங்கொடுக்காது அன்பை நிறுத்தி வைப்பதும், பேச வந்தால் வாயை அடைப்பதும் மனத்தின் மேல் போடும் பூட்டுக்கள். இவை மனச்சோர்வையும், அச்சத்தையும், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணத்தையும் வளர்க்கின்றன. சிலரிடம் அது உள்ளுக்குள் புழுங்கும்; சிலரிடம் கோபமாகவும், பொய்யாகவும், களவாகவும் வெளியே வரும். பார்பரும் அவருடைய துணைவர்களும் பிற்பாடு இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் விசாரித்தபோதும் இத்தகைய தொடர்பையே கண்டனர். ஆகவே, 'இதெல்லாம் மேல்நாட்டுப் பேச்சு' என்று நாம் ஒதுக்கிவிட இடமில்லை.

நெசவாளர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. பாவு தளர்ந்தால் துணி நெய்ய முடியாது. அதற்காக அளவு கடந்து முறுக்கி இழுத்தால் இழை அறும். விவசாயிகளும் அறிவார்கள். வாழைக்கு முட்டுக் கொடுப்பது அவசியம். கட்டிய கயிறு தண்டை அறுக்கும்படி இறுக்கினால், காற்று வருமுன் கட்டே மரத்தைச் சாய்த்துவிடும்.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள வயதின் இயல்பையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஆசையையும் உணர்ச்சியையும் எழுப்பும் மூளைப் பகுதிகள் இவ்வயதில் வேகமாக விழித்துக்கொள்கின்றன. முன்யோசனைக்கும் நிதானத்துக்கும் உரிய முன்மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி அடைகிறது. எனவே வழிகாட்டி இவ்வயதினருக்கு அவசியம். அதே சமயம், முடிவெடுத்துப் பழகாத பிள்ளைக்கு முடிவெடுக்கும் ஆற்றல் வருவதில்லை. தறியில் உட்காராமல் நெசவு கற்றவர் யார்?

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று நடத்திய 2015-16-ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையினரில் 7.3 சதவீதத்தினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டனர். நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏழு பேர் என்று வைத்துக்கொண்டால், அதன் பரிமாணம் விளங்கும். இவையெல்லாம் பெற்றோரால் வந்தவை என்று எவரும் சொல்லவில்லை. பரம்பரை, வறுமை, பள்ளியின் நெருக்கடி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நோவுற்ற பிள்ளை முதலில் நாட வேண்டிய இடம் வீடு. அந்த வாசலே அடைத்திருந்தால் அது எங்கே போகும்?

நம் நாட்டில் கண்டவை

இந்த நோவை அறிய ஆராய்ச்சிக்கூடம் வரை போகவும் வேண்டுவதில்லை. மகாகவி பாரதியார் தம் இளமையைப் பற்றி 'கனவு' என்னும் சுயசரிதைச் செய்யுளில் எழுதியிருக்கிறார். தகப்பனார் சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் வல்லவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து, அதில் பொருளிழந்தவர். மகனும் கணிதத்திலும் ஆங்கிலக் கல்வியிலும் தேற வேண்டும் என்பது அவர் அவா. ஒத்த வயதுச் சிறுவர் தெருவில் ஓடியாடி மரமேறித் திரிந்தபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சி, விளையாட்டில் சேராமல், புத்தகங்களோடு தோழமையின்றித் தனியே வருந்தியதைப் பாரதியார் அதில் சொல்லுகிறார். விருப்பமில்லாத படிப்புக்காகத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டதையும் கசப்போடு நினைவு கூர்கிறார். அதே செய்யுளில் தந்தைபால் அவருக்கிருந்த அன்பும், அவர் வறுமையுற்று மறைந்ததைப் பற்றிய துயரமும் தெரிகின்றன. அந்தத் தந்தை கொடியவர் அல்லர். மகனுடைய நலத்தையே நாடியவர். எனினும் சிறுவனுடைய மனத்தில் பட்ட தழும்பு, 28-ஆம் வயதை எட்டும்போதும் ஆறவில்லை.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் நடந்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள். இளம் பெண்களை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வைத்து, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவது அத்திட்டம். வெளியே செல்லவும், வீட்டாரோடு தாராளமாகப் பேசவும்கூடத் தடைகள் இருந்ததை, நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை உலகுக்கு எடுத்துக் காட்டியது. பெற்றோர் பலர் தம் மகளை அங்கே அனுப்பியதற்கு வறுமை முதற்காரணம். 'கேட் பூட்டியிருக்கும், பெண் பத்திரமாக இருப்பாள்' என்ற எண்ணமும் ஒரு காரணம். பூட்டு பத்திரத்தைத் தரும் என்று நம்பி, பூட்டுக்குள் இருப்பவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்காமற்போனோம். வேலைக்கு அனுப்பும்போதும், வரன் பார்க்கும்போதும், படிப்பை நிறுத்தும்போதும் அவளுடைய வாய்ச்சொல்லைக் கேட்ட குடும்பங்கள் எத்தனை?

படிப்பைப் பொறுத்தமட்டில், அரசாங்கமே இந்நெருக்கடியை உணர்ந்து, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்கள் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ஆம் ஆண்டில் கைவிட்டது. பள்ளியில் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. ஆசிரியர் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்லுவதை, அன்பின் பேரால் வீட்டில் செய்யலாமா என்று நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

தந்தையின் அச்சம்

இவ்வளவையும் அந்த அங்கத்தினரிடம் நாம் பிரசங்கம் செய்துவிடவில்லை. "எதுக்குங்க இவ்வளவு பயம்?" என்று மட்டும் கேட்டோம். சிறிது நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் பதிமூணு வயசுல கம்பெனிக்கு வந்தவனுங்க. கைமடிச்சு கைமடிச்சு விரல்ல தோல் உரிஞ்சு கெடந்திருக்கேன். அவனும் மெஷின் முன்னால வந்து உக்காந்துட்டான்னா, நான் இத்தனை வருசம் ஓடுனதுக்கு அர்த்தமே இல்லீங்களே" என்றார். பேசும்போது அவர் கண் கலங்கிற்று.

அவருடைய அச்சம் பொய்யன்று. ஊரில் மதுவும், கஞ்சாவும், கைப்பேசிச் சூதாட்டமும் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் பெற்றோருக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசப் பொழுதில்லை. ஆகவே பேச்சுக்குப் பதிலாகத் தாழ்ப்பாளைக் கழற்றும் வேலை நடக்கிறது. இது அன்பின் குறைவன்று; அவகாசத்தின் குறைவு.

"இந்தச் சொல்லைப் பையனிடம் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேட்டோம். இல்லை என்றார். பையனுக்குத் தெரிந்ததெல்லாம் தந்தையின் கட்டளை. அதன் காரணம் தெரியாது.

கடன் கொடுப்பதும் மறுப்பதும் நம் அதிகாரத்தில் உள்ளதன்று. மேலும் அவருடைய நகை, அவருடைய உரிமை. நாம் சொன்னவை இரண்டே. 'எங்காவது போயிடலாம்' என்று எழுதும் பிள்ளையைத் தனியே வெளியூர் விடுதிக்கு அனுப்புமுன், மனநல வைத்தியரிடம் ஒரு முறை காட்டுங்கள் என்பது ஒன்று. அந்த வரிக்கு என்ன பொருள் என்று, கோபமின்றி, அவனிடமே கேளுங்கள் என்பது மற்றொன்று. அவர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நகைகளோடு வீடு திரும்பினார்.

செய்யக்கூடியவை

நம் அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள் கூறுகிறோம்.

முதலாவது, வீட்டு விதிகள் குறைவாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லப்படட்டும். இயன்றவரை அவை வீட்டார் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசி கூடாதென்றால், தந்தைக்கும் கூடாது.

இரண்டாவது, உடை, நண்பர், விளையாட்டு, படிப்புப் பிரிவு ஆகியவற்றில் வயதுக்கேற்பப் பிள்ளையின் முடிவுக்கு இடம் கொடுங்கள். உயிருக்கும் ஒழுக்கத்துக்கும் ஆபத்தான விஷயங்களில் உறுதியாக நில்லுங்கள்.

மூன்றாவது, பிள்ளை தானே வந்து ஒரு தவற்றைச் சொன்னால், அந்நேரத்தில் தண்டிக்காதீர்கள். உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு அடி என்றால், அடுத்த உண்மை வராது.

நான்காவது, மதிப்பெண்ணுக்காக அன்பை நிறுத்தாதீர்கள். சம்பளத்தை நிறுத்தலாம் என்ற சட்டம் கம்பெனியிலேயே இல்லை; வீட்டில் எதற்கு?

ஐந்தாவது, காரணமில்லாத வயிற்று வலி, தலைவலி, தூக்கமின்மை, பசியின்மை, தனிமை நாடுதல், சாவைப் பற்றியோ ஓடிப்போவதைப் பற்றியோ பேசுதல் ஆகியவற்றைத் திமிர் என்று எண்ணாதீர்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை 2022-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். பிள்ளைகளே உதவி கேட்க 1098 இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூட்டுறவு இயக்கத்தில் நாம் அனைவரும் ஏற்றுக்கொண்ட கொள்கை ஒன்றுண்டு. பங்குத்தொகை எவ்வளவானாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அது. வீட்டில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சம வாக்கு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமையையாவது அந்தச் சிறிய அங்கத்தினருக்கு அளிக்கலாம் அல்லவா?

கார்த்திகையில்

கார்த்திகை மாதம் மீண்டும் வேலம்பாளையம் சென்றபோது, அந்த அங்கத்தினர் தறிநூல் வாங்க வந்த உறவினர் ஒருவரோடு சங்கத்துக்கு வந்திருந்தார். அற்புதம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. பையன் அதே பள்ளியில்தான் படிக்கிறான். மதிப்பெண்கள் பெரிதாக உயரவில்லை. படிப்புப் பிரிவைப் பற்றிய சச்சரவு இன்னும் தீரவில்லை. வைத்தியரிடம் மூன்று முறை சென்று வந்திருக்கிறார்கள். தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்திவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தாம் பதின்மூன்றாம் வயதில் கம்பெனிக்குப் போன கதையை முதன்முறையாக மகனிடம் சொன்னாராம். பையன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விரல் இன்னும் வலிக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டானாம்.

புறப்படும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். சென்ற வாரம் பௌதிகத் தேர்வில் பையன் தோற்றுவிட்டான். பள்ளியிலிருந்து செய்தி வருமுன், அவனே வந்து சொல்லிவிட்டானாம்.

"ஃபெயிலானதுக்கு வருத்தந்தானுங்க சார். ஆனா அவனா வந்து சொன்னான் பாருங்க" என்றார்.

அந்த வீட்டில் இப்போது ஒரே பேரேடுதான் இருக்கிறது. அடித்தலும் திருத்தலும் அதில் நிறைய உண்டு. எனினும் அதில் எழுதியிருப்பது உண்மைக் கணக்கு. ஆய்வாளர் என்ற முறையில் நாம் அதற்குக் கையெழுத்திடத் தயங்கமாட்டோம்.